முழங்கை வரை

துணி தோய்க்கிற மருந்து சரியான பதத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க அந்தத் தொழிற்சாலையில் ஒரு கருவி இருந்தது. வாங்கிய அன்று வந்த உறையோடு அது அலமாரியில் பத்திரமாக இருந்தது. மேஸ்திரிக்கு அது தேவைப்பட்டதே இல்லை. காலையில் தொட்டி நிறைந்ததும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார். பிறகு குழாயடிக்குப் போய் அந்தக் கையை நீட்டுவார். தண்ணீர் தோலில் பரவாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தால் பதம் சரி. பரவினால் பீப்பாயிலிருந்து இன்னும் ஒரு குவளை ஊற்றச் சொல்வார்.

மழைக்கோட்டு, குடை, கூடாரம், நாற்காலி உறை என்று ஈரம் ஒட்டக் கூடாத துணியெல்லாம் அந்தத் தொட்டியில் மூழ்கி எழுந்துதான் கடைக்குப் போயின. துணி ஒரு பக்கம் இறங்கும், உருளைகளுக்கு நடுவே பிழிபடும், சூட்டறைக்குள் போய்க் காய்ந்து மறுபக்கம் வரும். அதற்குப் பிறகு அதன்மேல் எண்ணெயைக் கொட்டினாலும் கறை பிடிக்காது. பீப்பாயின் மேல் அந்தத் திரவத்தின் பெயர் நீளமாக ஒட்டியிருந்தது. நடுவில் ஃப்ளோரின் என்று ஒரு சொல் வரும். அதை முழுதாகப் படித்தவர் யாருமில்லை. தொழிலாளிகளுக்கு அது மருந்து, அவ்வளவுதான். நோயைத் தீர்ப்பதையும் மருந்து என்போம், பூச்சியைக் கொல்வதையும் மருந்து என்போம், நமக்கு அவ்வளவு தாராள மனசு.

தோய்ப்புப் பகுதியில் தொட்டிக்குள் கை விடுவது ஒரு பதவி மாதிரி. எல்லோருக்கும் கிடைத்துவிடாது. மேஸ்திரி விடுவார். அவர் வராத நாளில் வாத்து விடுவான். வாத்துக்கு அந்த உரிமை கிடைத்த அன்று அவன் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனான்.

வாத்து என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சனிக்கிழமை வேலை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சிய மருந்தைச் சாக்கடையில் திறந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தொழிலாளிகள் தங்கள் வீட்டுத் துணியை அதில் முக்கிக்கொள்ளலாம் என்று முதலாளி அனுமதித்திருந்தார். சும்மா கிடைக்கிற சலுகை, யார் விடுவார்கள்? ஆளுக்கொரு மூட்டையோடு வருவார்கள். இருப்பதில் பெரிய மூட்டை இவனுடையது. சட்டை, கால்சட்டை, தொப்பி, போதாக்குறைக்கு வியர்வை பிடிக்க வேண்டாம் என்று உள்ளாடையும். ஒருநாள் கொட்டுகிற மழையில் குடையில்லாமல் நனையாமல் நடந்து வந்தவனைப் பார்த்துத் தையல் பகுதிப் பெண்கள் வைத்த பெயர்தான் வாத்து. அவனும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

வீட்டில் தோய்க்காத துணி என்று ஒன்று இல்லை. திரைச்சீலை, மேசை விரிப்பு, தலையணை உறை, படுக்கை விரிப்பு, அம்மா கடைக்கு எடுத்துப் போகிற பை எல்லாம் தொட்டியைப் பார்த்தவை. நாற்காலி உறையில் தேநீர் சிந்தினால் அது ஊறாமல் உருண்டோடி, உட்கார்ந்திருக்கிற விருந்தாளியின் மடியில்தான் போய் விழும். விருந்தாளி துள்ளி எழுந்திருப்பார். உறையைப் பாருங்கள், ஒரு சொட்டு கறை இருக்கிறதா என்று வாத்து பெருமையாகக் காட்டுவான்.

குறை என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை.

குழந்தை இல்லை என்றால் யாரைக் கேட்பது என்பதில் நம்மிடம் எப்போதும் குழப்பமே இருந்ததில்லை. அவன் மனைவி ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை செய்தாள். அங்கே விடுப்பு சொல்லிவிட்டு அவள் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை வருடிப் படம் பிடித்தார்கள், கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று சாயம் செலுத்திப் பார்த்தார்கள். அன்று வலியில் அவளால் பேருந்துப் படி ஏற முடியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரரையும் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்று கடைசியாகச் சொன்ன மருத்துவரின் பேச்சை அவள் வீட்டில் வந்து சொன்னாள். குத்துக்கல் மாதிரி இருக்கிற என் பிள்ளைக்கு என்ன கேடு என்று மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். வாத்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அந்தச் சத்தம்தான் அவன் பதில் என்று அவளுக்குப் புரிந்தது.

மாமியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர்தான். ஆனால் பெற்ற மூத்த மகள் வாரத்துக்கு ஒருமுறை மூன்று பிள்ளைகளோடு வந்து, தம்பி வம்சம் இப்படியே நின்றுபோகுமா என்று ஓதிவிட்டுப் போவாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். கடைசியில் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். அவருக்கு இந்தப் பாதை பழகின பாதை. முதல் மனைவிக்குக் குழந்தையில்லை என்று அனுப்பிவிட்டு இரண்டாவது கட்டியவர். இரண்டாவது மனைவிக்கும் குழந்தையில்லை. இரண்டு பெண்களும் ஒரே மாதிரி அமைந்துவிட்டார்கள், தன் ராசி அப்படி என்பார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது தான் ஒருவர்தான் என்பது அந்த மனிதருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோய்ப்புப் பகுதியில் பிள்ளைகளோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. சேர்ந்த பிறகு பிள்ளை பெற்றவர்கள் அபூர்வம். தையல் பகுதிப் பெண்கள் இதைத் தங்களுக்குள் முணுமுணுப்பார்கள், ஆண்கள் காதில் விழும்போது பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று மேஸ்திரி நாள் குறித்தார். தன் மனைவியின் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பதாகவும் காதில் போட்டு வைத்தார். வாத்து சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு மனைவி மேல் பிரியம் உண்டு. ஆனால் பிரியத்தை வாயைத் திறந்து காப்பாற்ற வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பவனை என்னவென்று சொல்வது?

அந்த வாரத்தில் ஒருநாள் மாலை, வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியதில் எல்லோரும் ஒரு மூலைக்கு ஒதுங்கினார்கள். இவன் ஒதுங்கவில்லை. தோளில் விழுந்த நீர் உருண்டு உருண்டு தரையில் விழுந்தது.

"இன்னும் அந்தத் தொட்டியிலதான் இருக்கியா தம்பி?"

திரும்பினான். பழைய முகம். மேஸ்திரியின் முதல் மனைவி. அந்த நாளில் இவன் அண்ணி என்று கூப்பிட்டு, அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். சட்டையில் உருள்கிற தண்ணீரைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி நின்றாள். மூக்கும் முகவாயும் அச்சாக அவளேதான். அண்ணியின் வயிறு நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

வாத்து சிறுமியையும் அண்ணியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். அவளே பேசினாள். ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டதாகவும், அவர் அதிகம் பேசாதவர், நல்லவர் என்றும் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க மேஸ்திரிக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லண்ணி."

அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. அதுதான் அவனை அதிகமாக உறுத்தியது. "நான் சாபம் விட்டதாப் பேசிக்குவாங்க. நான் விடல தம்பி. வீட்டை விட்டு இறங்குறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், நீங்களும் ஒருதரம் டாக்டரைப் பாருங்கன்னு. அதுக்கு அடி விழுந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவன் சட்டையைப் பார்த்தாள். "உன் பொண்டாட்டி எப்படி இருக்கா?"

அதற்குள் அவள் பேருந்து வந்தது. சிறுமியை ஏற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். தன் பேருந்து வந்ததும் போனதும் வாத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டு, தன்னைத் தெரிந்தவர் யாரும் வராத பக்கமாகப் பார்த்து ஒரு மருத்துவரிடம் போனான். திருடப் போகிறவன்போல் சுவரோரமாக நடந்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்து அறையைக் காட்டினார்கள். மனைவி எத்தனை அறைக்குள் இப்படி நுழைந்திருப்பாள் என்று முதன்முதலாக நினைத்துப் பார்த்தான். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

முடிவைச் சொல்ல மருத்துவர் அவனை உட்காரச் சொன்னார். விந்தணுக்களின் எண்ணிக்கை இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை என்றார் அவர். இருப்பவையும் தெம்பாக நீந்தவில்லை. ஆண்மைச் சுரப்பும் வயதுக்குக் குறைவு. புகை, குடி, பழைய நோய் எல்லாம் கேட்டார், எதுவும் இல்லை என்றான். பிறகு, மனைவியைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூடக் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னான். பீப்பாயில் இருக்கிற ஃப்ளோரின் என்ற சொல்லையும், கை விட்டுப் பதம் பார்ப்பதையும், சனிக்கிழமை மிச்சத்தையும், உள்ளாடை வரை சொன்னான். மருத்துவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

"இந்த ஃப்ளோரின் வகை மருந்துங்க லேசுல அழியாது. மண்ணுல போனாலும் தண்ணியில போனாலும் அப்படியே கிடக்கும். உடம்புக்குள்ள போனா இரத்தத்துல வருஷக்கணக்கா தங்கும். இது அதிகமா இருக்கிற ஆம்பளைங்களுக்கு விந்தணு குறையுது, சுரப்பு குறையுதுன்னு பல ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க. சிலதுல அப்படி ஒண்ணும் தெரியலன்னும் இருக்கு. உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா என் தம்பி அந்தத் தொட்டியில நின்னா, இன்னைக்கே வெளிய இழுத்துட்டு வந்துருவேன்."

வெளியே வந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டான். விந்து புதிதாக ஊற சில மாதங்கள் போதும் என்றும், இரத்தத்தில் ஏறியது இறங்கத்தான் வருஷங்கள் ஆகும் என்றும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். சிகிச்சை உண்டு, மனதை விட வேண்டாம் என்றார். மனைவியின் இரத்தத்தையும் பார்ப்பது நல்லது, துணியோடும் தூசியோடும் அது வீட்டுக்குள்ளும் வந்திருக்கும் என்று கடைசியாகச் சொன்னார். வாத்து தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அதைக் கழற்றி எறிய வேண்டும்போல் இருந்தது, ஆனால் வேறு சட்டை இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகு நேராக வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். ஆண்பிள்ளை இல்லை என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம் அவனைப் பிடித்து ஆட்டியது. அந்தப் படுக்கை விரிப்பில் படுக்கவும் முடியாமல், ஏன் என்று சொல்லவும் முடியாமல், முதுகு வலி என்று பொய் சொல்லித் தரையில் படுத்தான். அவன் ஏற்கெனவே விலகிவிட்டான் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். அவள் தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கத் தொடங்கியதை அவன் பார்த்தான். பார்த்தும் சும்மா இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் அம்மா, அக்கா, மேஸ்திரி, மேஸ்திரியின் மனைவி, பெண்வீட்டுச் சார்பில் மனைவியின் அண்ணன். மேஸ்திரி நன்றாகப் பேசுவார். யாரையும் குறை சொல்லவில்லை என்று ஆரம்பித்து, எல்லாக் குறையையும் அழகாக அந்தப் பெண்ணின் மேல் இறக்கி வைத்தார். பெண்ணுக்கும் வயசிருக்கிறது, அவளும் வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக முடித்தார். அவள் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்த அவனுக்குத் தெம்பில்லை.

அவளிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"என் உடம்புல ஒரு குறையும் இல்லன்னு நாலு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?" என்றாள். அழவில்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. மேசையில் இருந்த தேநீரை எடுக்கப் போனவருக்குக் கை தவறி, குவளை சாய்ந்தது. சூடான தேநீர் மேசை விரிப்பில் ஊறாமல், உருண்டு திரண்டு ஓடி, மருமகளின் மடியில் கொட்டியது. அவள் துள்ளவில்லை. சுட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரிப்பில் மட்டும் ஒரு சொட்டு கறை இல்லை.

வாத்து எழுந்துவிட்டான். "கோளாறு எனக்குத்தாம்மா" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னான். சோதனை செய்ததைச் சொன்னான், மருத்துவர் சொன்னதைச் சொன்னான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி சிரித்தார். பெண்டாட்டியைக் காப்பாற்ற நல்ல கதையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்றார். "தொட்டியில கை விட்டா பிள்ளை பிறக்காதா? அப்போ எனக்கு என்னடா சொல்ற?"

"அண்ணியைப் பார்த்தேண்ணே" என்றான் வாத்து. "பஸ் ஸ்டாப்புல. கையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு."

மேஸ்திரியின் கை தானாகவே போய், மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டது. அவருடைய இரண்டாவது மனைவி அதுவரை ஒரு மூலையில், பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாகக் கசப்புக் கஷாயம் குடித்தவள், பட்டினி கிடந்தவள், விசேஷ வீடுகளில் பின்வரிசையில் நின்றவள். அவள் எழுந்து கணவனுக்கு நேராக வந்தாள்.

"அப்போ அந்தக்காவை எதுக்கு அனுப்புனீங்க?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"இன்னைக்கு இவங்க வீட்டுல பஞ்சாயத்து. நாளைக்கு எனக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மேஸ்திரி பின்னாலேயே போனார். வாசலில் அவர் தடுமாறியதை எல்லோரும் பார்த்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழி இத்தனை வருஷம் கழித்து வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு அம்மா மருமகளின் மடியில் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை. ஒற்றிக்கொண்டே இருந்தார். மனைவி கணவனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை தெரிஞ்சும் என்னை இன்னைக்கு இங்க உக்கார வச்சீங்க."

அவள் அன்று அவனை மன்னிக்கவில்லை. மன்னித்தாள் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். பெட்டியைப் பிரிக்கவுமில்லை, தூக்கிக்கொண்டு போகவுமில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து வீட்டிலிருந்த தோய்த்த துணியையெல்லாம் உருவினார்கள். திரைச்சீலை, உறைகள், விரிப்புகள், சட்டைகள். கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்குக் குவியல். எரித்துவிடலாம் என்றான் அவன். புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்குள்தானே போகும் என்றாள் அவள். புதைக்கலாம் என்றால், நிலத்தடித் தண்ணீர். குப்பைவண்டியில் போட்டால் அவர்கள் கொண்டுபோய் எரிப்பார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் போகிற வாய்க்காலில் எந்நேரமும் வெள்ளையாக நுரை மிதக்கும், காற்றடித்தாலும் உடையாது. அதைப் பார்க்க அழகாக இருக்கிறது என்று அவன் ஒருநாள் அவளிடம் சொல்லியிருந்தான். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று இப்போது அவள் கேட்டாள். ஆற்றுக்கு என்றான். ஆறு எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை. சமையலறைக் குழாயைத்தான் பார்த்தாள்.

துணியை மூட்டைகளாகக் கட்டி, அவை எங்கிருந்து வந்தனவோ அந்தத் தொழிற்சாலையின் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தான். தொழிலாளிகள் சிரித்தார்கள். வாத்து முட்டையிடாது என்று ஒருவன் சொல்ல, பகுதி முழுக்கச் சிரிப்பு. அவன் பொறுத்துக்கொண்டான். தொட்டிப் பக்கம் போக மாட்டேன், துணிக்கட்டு பிரிக்கிற வேலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டான். மாலையாவதற்குள் சிரித்தவர்களில் ஒருவன் கழிவறைப் பக்கம் தனியாக வந்து, அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டான். அடுத்த நாள் இன்னொருவன். வார முடிவில் முட்டை என்று சொன்னவனே வந்தான்.

செய்தி முதலாளிக்குப் போகாமல் இருக்குமா? அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நாளில் பழைய பீப்பாய்கள் போய்ப் புதிய பீப்பாய்கள் வந்து இறங்கின. நிறம் வேறு, மேலே ஒட்டிய பெயர் வேறு, மூடியைத் திறந்தால் அடிக்கிற நெடி மட்டும் அதே நெடி. எல்லோரையும் தொட்டியைச் சுற்றி நிற்க வைத்தார். பக்கத்தில் அவர் மகன் நின்றான், புது மாப்பிள்ளை, நிர்வாகம் பழக வந்தவன். இது புதுச் சரக்கு, பழைய வில்லங்கம் எதுவும் இதில் கிடையாது, தைரியமாக வேலை செய்யலாம் என்றார் முதலாளி. எதுவும் கிடையாது என்று யார் சோதித்தார்கள் என வாத்து கேட்டான். விற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் ஆளே பாதியாகியிருந்தார். மனைவி வீட்டுக்குத் திரும்பவில்லை. அவரும் அதே மருத்துவரிடம் போய் வந்ததாகப் பேச்சு, என்ன சொன்னார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பழக்கத்தில் அவர் கை சட்டையை மடித்தது. தொட்டிக்கு மேலே நீண்டது. மருந்து பச்சைத் தண்ணீர் மாதிரி, அடி தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்களே சொல்றீங்க மொதலாளி. சின்ன மொதலாளி ஒருதரம் கையை விட்டுப் பதம் பார்க்கட்டும். முழங்கை வரைக்கும்."

மகனுக்கு இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. தொழில் பழக வந்தவன்தானே, சிரித்துக்கொண்டே மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தான். அவன் விரல் நுனி மருந்தைத் தொடுவதற்குள், முதலாளி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

சூட்டறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தன் கையையே பார்த்தார், ஆனால் மகனின் மணிக்கட்டை விடவில்லை.

மேஸ்திரி சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். "வீட்டுல பிள்ளை இல்லன்னா பொம்பளையக் கேட்டோம், ராசியக் கேட்டோம். நாங்க எதுல கை விடுறோம்னு மட்டும் கேக்கல. கேட்டிருந்தா ஒருத்தியைக் கண்ணீரோட அனுப்பியிருக்க மாட்டேன். அது என் தப்பு, அதை நான் சுமக்குறேன்." மகனைப் பிடித்திருந்த முதலாளியின் கையைக் காட்டினார். "இது உங்க தப்பு. உங்க பிள்ளை கையைப் பிடிக்கத் தெரிஞ்ச கை, எங்க கையையும் பிடிச்சிருக்கணும் மொதலாளி."

அன்று அந்தத் தொட்டியில் யாரும் கை விடவில்லை.